யாழும் சுரமானியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்.சி. இயற்பியல்)

"அறிவியல் படிக்கும் உனக்குத் தமிழ் எதற்கு?" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. இரண்டாம் ஆண்டோடு தமிழ்ப்பாடம் முடிந்துவிடும் என்று நாள் எண்ணுவோரும் உண்டு. இவர்களுக்கு ஒருவருடைய வாழ்க்கையையே விடையாகக் கூற விரும்புகிறேன். அவரும் நம்மைப் போல் பி.எஸ்.சி. படித்தவரே!

கிழக்கிலங்கையின் காரைதீவில் 1892-இல் பிறந்தவர் மயில்வாகனன். 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும், பின்னர் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்.சி. தேர்விலும் தேறினார். அறிவியல் ஆசிரியராக விளங்கியவர் 1924-இல் துறவு பூண்டு விபுலாநந்த அடிகள் ஆனார். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் பொறுப்பேற்றார்.

சங்க காலப் பாணர் மீட்டிய யாழ் ஒன்றுகூட நமக்கு எஞ்சவில்லை. சிலப்பதிகாரம் முதலிய நூல்களின் சொற்களே எஞ்சின. அச்சொற்களுக்குள் மறைந்திருந்த இசையை அடிகள் கணக்கிட்டுக் கண்டார். நாம் ஆய்வுக்கூடத்தில் சுரமானிக் கம்பியைப் பாதியாகக் குறைத்தால் அதிர்வெண் இருமடங்காகிறது. மூன்றில் இரண்டு பங்காக்கினால் ஒன்றரை மடங்காகிறது. குரலுக்கு இளி அதுவே. இத்தகைய கணக்கைக் கொண்டே அவர் பண்டை யாழ்களுக்கு மீண்டும் உருவம் தந்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட அவரது 'யாழ் நூல்' 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. மறுமாதமே அடிகள் மறைந்தார்.

வெறும் புலவராயிருந்தால் அவருக்குக் கணக்கு கைகொடுத்திராது. வெறும் விஞ்ஞானியாயிருந்தால் சிலம்பு கதவு திறந்திராது. இரண்டும் ஒருவரிடம் கூடியதாலன்றோ யாழ் மீண்டது!

நம் தருமபுரி, அதியமானின் தகடூர். அவன் வாயிலில் பாணர் யாழொலி எழுந்த மண் இது. இன்றும் நம் ஊர்களில் பறையைத் தீயில் காட்டிக் காய்ச்சுகிறார்கள். தோல் இறுகினால் ஒலி உயரும் என்பதை அவர்கள் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. என் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பெற்றோருக்கு எழுத்து தெரியாது. ஆனால் பறையின் ஒலி இறங்கினால் முதலில் அறிவது என் தந்தையின் காதுதான். நான் பெறும் பட்டம் அந்தக் காதின் அறிவை மறக்கச் செய்யுமானால், அப்பட்டத்தால் என்ன பயன்?

எனவே, நம் இயற்பியல் துறையும் தமிழ்த் துறையும் கூடி, ஆண்டுக்கு ஓர் ஆய்வேனும் செய்யட்டும். ஊர்ப் பறையின் ஒலியை அளப்பதிலிருந்தே தொடங்கலாம். தமிழ்த்தேர்வு முடியலாம், நண்பர்களே. தமிழ் முடிந்துவிடக் கூடாது!