மல்லச்சந்திரம் கல்திட்டைகள்: புதையல் தேடி உடைத்தால் எது தொலைகிறது?

சென்னையிலிருந்து பெங்களூரு போகிறவரா நீங்கள்? மல்லச்சந்திரத்தில், பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் போட்ட கல்திட்டைகள் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் இவற்றை 'பாண்டவுல குள்ளு', அதாவது பாண்டவர் கோயில்கள் என்கிறார்கள். ஆய்வாளர்கள் சொல்வது: இவை 2,000 ஆண்டுகளுக்கும் முந்தைய இரும்புக்கால ஈமச்சின்னங்கள்.

என்ன பிரச்சினை?

புதையல் ஆசையில் பலவற்றை உடைத்துவிட்டார்கள்.

நிஜமாவே தங்கம் இருக்குமா?

ஆதிச்சநல்லூரில் தங்க நெற்றிப்பட்டங்கள் கிடைத்தது உண்மைதான். ஆனால் அது அபூர்வம். தென்னிந்திய ஈமக்காடுகளில் பெரும்பாலும் கிடைப்பவை கருப்பு-சிவப்புப் பானைகள், இரும்புக் கருவிகள், மணிகள்.

அப்போ, தோண்டினால் என்ன நஷ்டம்?

ஈராக்கின் பழைய 'ஊர்' நகரில் 1922 முதல் 1934 வரை அகழாய்வு செய்தவர் லியோனார்ட் வூலி. அங்கிருந்த கல்லறைகளில் யாழ்களின் மரம் மக்கி, மண்ணில் வெறும் துளைகளே மிஞ்சியிருந்தன. துளைகளில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி, யாழின் வடிவத்தையே மீட்டார். கடப்பாரை விழுந்திருந்தால்? அந்தத் துளையே இருந்திருக்காது. அதே இடுகாட்டில் கிடைத்த சிந்துவெளிச் சூதுபவள மணிகள், 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய வணிகத்துக்குச் சாட்சி. எந்தக் கல்லறையில் கிடைத்தது என்ற பதிவு இல்லாவிட்டால், அவை வெறும் மணிகள்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டு புதையல் சட்டம். மறைத்தால் ஓராண்டு வரை சிறை.

அந்தப் பக்கம் போனால் பாருங்கள், படம் எடுங்கள். மண்ணைக் கிளறாதீர்கள். உடைந்த பானையை ஒட்டலாம். கலைந்த மண்ணை மறுபடி பழையபடி அடுக்க யாராலும் முடியாது.