கடல் கடக்குமுன் கடனட்டை

மாரி பிறக்குமுன் குளக்கட்டைச் சுற்றிப் பார்த்துத் துருசைச் சீர்செய்து வைப்பது வன்னி விவசாயிகளின் வழக்கம். வெள்ளம் வந்தபின் மண்வெட்டி தேடுவார் அவர்களுள் இலர். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலுமிருந்து பிள்ளைகள் கல்விக்கும் தொழிலுக்குமாகக் கடல் கடக்கும் இந்நாளில், அதே முன்யோசனை கடனட்டைக்கும் வேண்டும். கடவுச்சீட்டு முதல் மிளகாய்த்தூள்வரை யாவும் ஆயத்தம் செய்யும் குடும்பங்கள், பணப்பையிலுள்ள இந்தச் சிறு அட்டையை மறந்துவிடுகின்றன.

கடனட்டை என்பது வங்கி நம்மேல் வைக்கும் நம்பிக்கையின் அடையாளம். அந்த நம்பிக்கையின் வரலாற்றை, 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம் பேணுகின்றது. பாவியாத அட்டையாயினும் ஆண்டுக்கட்டணம் ஏறும். கட்டாதுவிடின் வட்டியும் தண்டமும் சேரும். நிலுவை அப்பணியகத்தின் பதிவிலும் இடம்பெறும். துணையட்டையாயின் பிள்ளை அங்கே செலவிட்டதற்கு இங்கே தந்தையே பொறுப்பாளி. 2009இல் யுத்தம் ஓய்ந்தபின் மீளக் குடியேறிய நம் குடும்பங்கள் பல, வீட்டையும் வயலையும் போலவே வங்கியில் தம் நற்பெயரையும் அடியிலிருந்து கட்டியெழுப்பின. நாளை வீட்டுக்கடனோ உழவு இயந்திரக் கடனோ கேட்டுச் செல்லும் தந்தையின் முன், மகனின் மறதி தடையாக நிற்கலாகாது அன்றோ?

ஆதலின், வேண்டாத அட்டைகளை முழுவதும் தீர்த்து, எழுத்துமூலம் மூடி, நிலுவையில்லை என்னும் கடிதத்தையும் பெற்றுக்கொள்க. வைத்திருக்கும் அட்டையின் காலாவதித் திகதியைப் பார்த்து, செல்லும் நாட்டையும் தங்கும் காலத்தையும் வங்கிக்கு அறிவித்து, வெளிநாட்டு உபயோகத்துக்கு அனுமதி பெறுக. இணையத்தில் பணம் செலுத்தும்போது வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் பதிவு செய்த கைத்தொலைபேசிக்கே வரும். எனவே இலங்கைச் சிம் அட்டையை உயிரோடு வைத்து, ரோமிங் வசதியையும் புறப்படுமுன்னரே பெற்றுக்கொள்க. இரகசிய எண்ணைத் தம்பியிடமும் கொடுத்துச் செல்லற்க.

அங்கே சென்றபின் கடனட்டையால் காசு எடுப்பதைத் தவிர்த்தல் நலம். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும், கட்டணமும் வேறு. கடையில் ‘இலங்கை ரூபாயிலா, இந்நாட்டு நாணயத்திலா’ என வினவினால் அந்நாட்டு நாணயத்தையே தெரிவு செய்க. மற்றதில் மாற்றுவீதம் பெரும்பாலும் நமக்கு நட்டமாகவே அமையும்.

ஊர் அட்டையொன்றையே நம்பியிருத்தலும் ஆகாது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் சுமார் 360 ரூபாயாயிற்று. அந்நியச் செலாவணி வறண்ட அக்காலத்தில் அட்டைகளின் வெளிநாட்டு உபயோகத்தையும் வங்கிகள் மட்டுப்படுத்தின. முதற் சில வாரச் செலவுக்கேனும் வேறுவழியிற் பணம் கையிலிருத்தல் வேண்டும்.

இன்னுமொன்று. இங்கே தேடிய நற்பெயர் கடல் கடந்து கூடவே வருவதில்லை. வவுனியாவில் வங்கி முகாமையாளர் எழுந்து வரவேற்கும் வர்த்தகரும் ரொறன்ரோவில் புதுமுகமே. கனடாவிலும் பிரித்தானியாவிலும் ஈக்குவிஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் முதலிய நிறுவனங்கள் பேணும் கடன் வரலாற்றில் அவருக்கு முதற்பக்கமே எழுதப்பட்டிராது. கனடாவில் வைப்புப்பணத்தைப் பிணையாகக் கொண்டு வழங்கும் அட்டையொன்றைப் பெற்று, சிறிதளவே செலவிட்டு, தவணை தவறாது முழுவதையும் செலுத்தி வந்தால் அந்தப் பக்கம் நிரம்பத் தொடங்கும். பிரித்தானியாவில் வசிக்கும் இலங்கையர், பொதுநலவாய நாட்டுக் குடிமக்கள் என்ற முறையில் வாக்காளர் பட்டியலிற் பதியலாம். முகவரியை உறுதிசெய்ய அது வங்கிகளுக்கு உதவும்.

பயணத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே தந்தையும் பிள்ளையும் ஒருங்கே வங்கிக்குச் சென்று இவற்றை முடித்துவிடல் வேண்டும். வழியனுப்பும் பெற்றோரிடம் பிரிவுத்துயர் மட்டும் எஞ்சட்டும். பிள்ளையின் நிலுவை எஞ்ச வேண்டாம்.