போர் போடணும் சார்!

இந்த வார்த்தையைக் கேட்காத பழைய வண்டிக்காரர் யாராவது இருந்தா கையைத் தூக்குங்க. ஒருத்தரும் இல்லையா? தெரியும் :-)

வண்டி மக்கர் பண்ணுதுன்னு தள்ளிக்கிட்டே போய் நிறுத்துவோம். மெக்கானிக் வருவார். ரெண்டு உதை உதைப்பார். காதைச் சாய்ச்சு, பெரிய டாக்டர் மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு, "எஞ்சின் போச்சு, போர் போடணும் சார்"னு சொல்வார். பிளக்கைக் கழட்டல, பாயிண்ட் மூடியைத் திறக்கல. தீர்ப்பு மட்டும் ரெடி!

நம்ம கதைக்கு வர்றேன். அப்பா 1986-ல வாங்கின புல்லட் 350. வார்ப்பிரும்பு எஞ்சின், பேட்டரி, காயில், பாயிண்ட் வச்ச இக்னிஷன். காலையில ஒரே உதையில கிளம்பும். பதினஞ்சு கிலோமீட்டர் போனதும் விட்டு விட்டு இழுக்கும், சைலன்சர்ல பட் பட்னு வெடிக்கும், அப்புறம் நின்னுடும். அரை மணி நேரம் ஆறவிட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி மறுபடி கிளம்பும். "சூடானா கம்ப்ரஷன் இறங்குது, போர் போட்டு பிஸ்டன் மாத்தணும், பன்னிரண்டாயிரம் ஆகும்"னு சொல்லிட்டாங்க. நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிட்டு வந்தேன்.

அப்பாதான் கேட்டார்: "ஏண்டா, கிக்கர் மேல ஏறி நின்னு பாத்தியா?"

பார்க்கல. அன்னைக்குச் சாயங்காலம் வண்டியை ஓட்டி, நின்னுபோற வரைக்கும் சூடாக்கி, சாவியை அணைச்சுட்டு, டீகம்ப்ரஷர் லிவரைத் தொடாம கிக்கரை மெதுவா அழுத்தினேன். இறுக்கம் வந்த இடத்துல ஏறி நின்னேன். பத்து எண்ணுற வரைக்கும் இறங்கல. கம்ப்ரஷன் போன எஞ்சின் என்னோட எழுபத்தஞ்சு கிலோவை எப்படிய்யா தாங்கும்?

சூடு ஆறுறதுக்குள்ள பிளக்கைக் கழட்டி, கேப்பை மாட்டி, உடம்பு ஹெட்டுல படுற மாதிரி, பிளக் ஓட்டையை விட்டுத் தள்ளி வச்சு, சாவியைப் போட்டு உதைச்சுப் பார்த்தேன். நீலமா சுள்ளுனு அடிக்க வேண்டிய பொறி, மஞ்சளா உயிரில்லாம வந்துச்சு. பாயிண்ட் மூடியைத் திறந்தா, முனை ரெண்டும் கருகி, குழி விழுந்து கிடக்கு. கண்டென்சர் காலி! சூடானதும் படுத்துக்கும், ஆறினா எழுந்துக்கும். புதுக் கண்டென்சர், புது பாயிண்ட் செட், கேப் 0.35-லேர்ந்து 0.40 மில்லிமீட்டருக்குள்ள. மொத்தச் செலவு ஐநூறு ரூபாய்கூட ஆகல. வண்டி இன்னைக்கும் ஓடுது.

பணம் மட்டும்னா புலம்பிட்டு விட்டுருப்பேன். என் கோபம் வேற. கண்டென்சரைத் தப்பா மாத்தினா பழசை எடுத்துத் திரும்ப மாட்டிக்கலாம். போர் போட்டா போட்டதுதான். 70 மில்லிமீட்டர் சிலிண்டரைச் சுரண்டி அகலமாக்கிட்டா அந்த இரும்பு திரும்பி வராது. ஓவர்சைஸ் பிஸ்டனுக்கும் படிகள் கொஞ்சம்தான். அநாவசியமா ஒரு தடவை போர் போட்டா, வண்டியோட ஆயுசுல ஒரு படியைத் தின்னுட்டோம்னு அர்த்தம்.

அதனால போர்ங்கிற பேச்சு வந்தா, பிளாக்குல கை வைக்கிறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பார்க்கச் சொல்லுங்க:

1. பொறி. கோளாறு சூட்டுல வந்தா சோதனையும் சூட்டுலதான். ஆறின வண்டியில எல்லாம் சரியாத்தான் தெரியும்.

2. பிளக் நிறம். இளம் பழுப்பு நல்லது. கரிப்பொடி மாதிரி வறண்ட கறுப்புன்னா பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்குன்னா எஞ்சின் ஆயில் உள்ள வருது.

3. டேப்பட். எஞ்சின் ஆறினதும் புஷ்ராடு விரலால சுத்தணும், மேல கீழ ஆடக்கூடாது. ரொம்ப இறுக்கமா இருந்தா வால்வு சரியா மூடாது, அதுலயே கம்ப்ரஷன் போயிடும்.

4. அப்புறமும் கம்ப்ரஷன் இல்லையா? பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் ஆயில் ஊத்தி நாலு உதை. இறுக்கம் கூடினா ரிங், போர் தேய்மானம். கூடலைன்னா வால்வு பக்கம் பாருங்க.

இத்தனையும் பார்த்து, ரிங்கும் போரும்தான்னு தெரிஞ்சு, சூடான பிறகும் நீலப்புகை நிக்கலையா? தாராளமா பிளாக்கை இறக்கி, அளந்து பார்த்துட்டு போர் போடுங்க. நான் போருக்கு எதிரி இல்ல. பார்க்காம சொல்ற தீர்ப்புக்குத்தான் எதிரி.

"பழைய வண்டி சார், என்னைக்கிருந்தாலும் போட வேண்டியதுதானே"ன்னு ஒரு சமாதானம் சொல்வாங்க. என்னைக்கிருந்தாலும் விழப்போற பல்லுன்னு இன்னைக்கே புடுங்கிப்பீங்களா?

கடைசியா, நம்ம முதுகையும் கொஞ்சம் பார்த்துப்போம். பன்னிரண்டாயிரம் பில்லுக்கு வாய் திறக்காம கொடுக்கிறோம். ஒரு மெக்கானிக் ஒரு மணி நேரம் உக்காந்து சோதிச்சு, "எஞ்சின்ல ஒண்ணும் இல்ல சார், பார்த்ததுக்கு முந்நூறு கொடுங்க"ன்னா, "பாத்ததுக்கா காசு?"ன்னு முறைக்கிறோம். சோதனைக்குக் காசு இல்ல, சாமானுக்குத்தான் காசுன்னா அவர் எதைச் சொல்வார்? போர் போடணும் சார்னுதான் சொல்வார்!

அடுத்த தடவை பார்த்ததுக்குக் காசு கொடுங்க. அதுதான் மலிவு.