பார்த்தவர்கள் பேச வேண்டும்

2009 மே 23ஆம் திகதி, அன்றைய ஐ.நா. செயலாளர் நாயகம் பான் கீ மூன் செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமைப் பார்வையிட்டார். ஒக்டோபரில் டி.ஆர். பாலு தலைமையில் தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்களும் வந்து சென்றனர். எனினும், மக்களைக் காக்க ஐ.நா. தவறியதை அதன் உள்ளக ஆய்வறிக்கை ஏற்றுக்கொண்டது 2012இல்தான். இனப்படுகொலையில் உயிர்தப்பியோருக்குக் காலங்கடந்த ஒப்புதல் ஆறுதலாகாது.

அம்முகாமில் மலையகத்தவரும் இருந்தனர் என்பது அதிகம் பேசப்படவில்லை. 1948இன் சட்டத்தால் குடியுரிமை இழந்து, 1977, 1983 வன்செயல்களால் தோட்டங்களை விட்டு வன்னியில் தஞ்சமடைந்த குடும்பங்கள் அவை. கடல் கடந்தவர்களின் நிலையும் வேறல்ல. தமிழக முகாம்களில் வாழும் இந்திய வம்சாவளியினரையும் இந்தியாவின் 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் உள்ளடக்கவில்லை. இவர்களுக்காக இரு நாடுகளிலும் குரல் எழுப்ப வேண்டிய முதற் கடமை மலையகப் பிரதிநிதிகளுடையதே.

சிவனொளிபாதமலை ஏறுவதற்காக நல்லதண்ணிக்கு ஆயிரமாயிரம் யாத்திரிகர்கள் வருகின்றனர். வழியிலுள்ள லயன் அறைகளை எட்டிப் பார்ப்போர் சிலரே. முகாமாயினும் லயனாயினும் பார்த்துத் திரும்புவது மட்டும் போதாது. பார்த்ததை, கேட்க வேண்டியவர்களின் காதில் விழும்வரை சொல்ல வேண்டும்.