அடுக்களைக் கழிவும் தோற்சாலை நீரும்

கலங்கல் நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரைத்துவிடும் வழக்கம் நம் பாட்டிமார்க்கு உண்டு. இக்காலத்து ரசாயன நூலார் ஒருபடி மேலே சென்று, வாழைப்பழத்தோல், புளியங்கொட்டைத்தோல், கொட்டாங்கச்சி, இறாலோடு முதலாக நாம் குப்பையிற் கொட்டும் பொருள்களைக்கொண்டு, கண்ணுக்குப் புலனாகாது நீரிற் கரைந்துநிற்கும் உலோகங்களையும் சாயங்களையும் அகற்ற முயன்று வருகின்றனர். இம்முயற்சி போற்றத்தக்கதே. ஆயினும் இதனைக் குறித்து எழும் ஆரவாரத்திற்கு ஓர் எல்லை வேண்டும் என்பதே யான் ஈண்டுச் சொல்லப் புகுவது.

முதற்கண் இதன் மெய்ம்மையை நோக்குவோம். பிரேசில் நாட்டு அறிஞர் சிலர் வாழைப்பழத்தோலை உலர்த்திப் பொடித்து, பரானா ஆற்றுநீரிலிருந்து செம்பையும் ஈயத்தையும் பிரித்தெடுத்து 2011-இல் வெளியிட்டனர். ஒரே பொடி 11 முறை வரை பயன்பட்டதாம். தோலிலுள்ள பெக்டின் முதலியவற்றின் அமிலத் தொகுதிகள் எதிர்மின்னேற்றம் உடையன. ஆதலின் நேர்மின்னேற்றமுள்ள உலோக அயனிகளைப் பற்றிக்கொள்கின்றன. கொட்டாங்கச்சியின் செயல் வேறு. அதனைக் கரியாக்கிக் கடுஞ்சூட்டில் நீராவி செலுத்தினால் எண்ணிறந்த நுண்துளைகள் உண்டாகி, ஒரு கிராம் கரியின் பரப்பு ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் ஆகின்றது. ஒரு சிட்டிகைக் கரிக்குள் கால் ஏக்கர் நிலம் ஒளிந்திருப்பது வியப்பன்றோ! சாயங்கள் அப்பரப்பிலே ஒட்டிக்கொள்கின்றன.

இனிப் பாலாற்றங்கரைக்கு வருவோம். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோற்சாலைகளை அறியாதார் யார்? வழக்கமான முறையில் தோல் பதனிடும்போது, இட்ட குரோமியத்தில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை தோலிற் சேராது நீரோடு வெளியேறுகின்றது. அதில் ஒரு பகுதியைப் பழத்தோல் பற்றக்கூடும், மறுப்பாரில்லை. ஆனால் பச்சைத்தோல் கெடாதிருக்க அதில் தேய்த்த கறியுப்பும் அந்நீரிலேயே கரைந்து செல்கின்றதே, அதனை என்செய்வது? எந்தத் தோலும் எந்தக் கரியும் அவ்வுப்பைப் பிடித்து நிறுத்துவதில்லை. கிணறு உவர்ப்பதற்கும் வயல் பாழாவதற்கும் பெருங்காரணம் அவ்வுப்பே. அன்றியும், தூயநீரிற் சிறிது உலோகத்தைக் கலந்து குடுவையிற் செய்யும் சோதனை ஒன்று; சுண்ணாம்பும் கொழுப்பும் மயிரும் மலிந்த மெய்யான கழிவுநீர் மற்றொன்று.

இதனினும் பெரிய வினாவொன்று உளது. உலோகத்தை உண்ட தோல் எங்கே போவது? குப்பைமேட்டில் எறிந்தால் உலோகம் மழைநீரோடு மீளும். எரித்தாலோ, அத்துணைத் தீங்கற்ற மூவிணைதிறக் குரோமியம் கொடிய அறுவிணைதிறக் குரோமியமாக மாறக்கூடும். அமிலத்தாற் கழுவி உலோகத்தை மீட்டெடுத்தாலன்றி, நஞ்சை ஒரு பாத்திரத்தினின்று மற்றொரு பாத்திரத்திற்கு மாற்றியவராவோம். குரோமியத்தைத் தோற்சாலையிலேயே மக்னீசியம் ஆக்சைடால் வீழ்படியச்செய்து, கந்தக அமிலத்திற் கரைத்து மீண்டும் பயன்படுத்தும் முறை முன்னரே உண்டு. அது முந்துக, பழத்தோல் பிந்துக.

மாசு விளைத்தவரே அதற்குரிய செலவை ஏற்கவேண்டும் என்று உச்சநீதிமன்றம் இவ்வேலூர்ப் பகுதித் தோற்சாலை வழக்கிலே 1996-இல் தீர்ப்பளித்தது. மலிவான வழி வந்துவிட்டது என்னும் பேச்சு அக்கடமையைத் தளர்த்தும் சாக்காகிவிடலாகாது. கிணறிழந்த உழவனுக்குப் பழத்தோற் பெருமை பேசி என்ன பயன்?

ஆகவே, ரசாயன வகுப்பு மாணவர்கட்கு ஒரு வேண்டுகோள். நம் விடுதிச் சமையற்கூடத்தில் வாழைப்பழத்தோலுக்குப் பஞ்சமில்லை. தூயநீர்ச் சோதனை போதும். மெய்யான தோற்சாலை நீரையே ஆசிரியர் மேற்பார்வையிற் கொணர்ந்து ஆராய்மின். குரோமியம் எவ்வளவு குறைந்தது, உப்பு குறைந்ததா, ஒரே பொடி எத்துணை முறை தாங்கிற்று, இறுதியில் அப்பொடி என்னவாயிற்று என்னும் நான்கையும் குறித்து வைத்து, பலித்ததையும் பலியாததையும் அடுத்த ஆண்டு மலரிலே வெளியிடுமின்.