அரைப் பேர்

கண்டி நகரில், அலுவலும் பள்ளியும் ஓய்ந்த மாலை வேளைகளில், பழைய இசைத்தட்டுகளைப் பற்றிப் பேசிக் களிக்கும் நண்பர் கூட்டங்கள் உண்டு. ஆசிரியர்களும், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்களும், பேராதனையில் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்களும் அவற்றில் கூடுவர். ரொக் இசையின் பொற்காலம் எது, அந்தத் தட்டில் ஓர்கன் வாசித்தவர் யார், இந்தத் தட்டில் பியானோ யாருடையது என்று மணிக்கணக்கில் வாதம் நடக்கும். நிக்கி ஹொப்கின்ஸ் என்பார் ஒருவர். பில்லி பிரெஸ்டன் என்பார் மற்றொருவர். பிறகு பேச்சு தமிழ்த் திரையிசைக்குத் திரும்பும். மெல்லிசை மன்னரின் குழுவில் அக்கோர்டியன் வாசித்த மங்களமூர்த்தி, இளையராஜாவின் குழுவில் கீபோர்ட் வாசித்த விஜி மானுவல் என்று பெயர்கள் வந்து விழும். கண்கள் பனிக்கும். "அது ஒரு காலம்!" என்ற பெருமூச்சோடு கூட்டம் கலையும்.

நாமும் அக்கூட்டங்களில் இருந்தவர்கள்தாம், அப்பெருமூச்சை விட்டவர்கள்தாம். எனினும், அந்தப் பெருமூச்சின் மீதே இன்று வழக்குத் தொடுக்க விரும்புகிறோம்.

மலையகத் தோட்டங்களில் ஒரு சொல் வழங்கிவருகிறது. ஒரு நாள் வேலைக்குரிய சம்பளத்தைத் தொழிலாளர்கள் 'பேர்' என்பார்கள். கொழுந்தின் நிறை குறைந்தால் கணக்கப்பிள்ளை 'அரைப் பேர்' போடுவார். செக்றோலில் பேர் விழுந்தால்தான் அடுப்பில் உலை ஏறும். பெயரும் கூலியும் பிரிக்க முடியாதவை என்ற உண்மையை, எந்தப் பொருளாதார நூலையும் படிக்காத உழைப்பாளி ஒரே சொல்லில் அடக்கிவிட்டான். இசைக்கூடத்து வாத்தியக்காரனின் நிலை என்ன? அவனுக்குக் கால்ஷீட்டுக்கு இவ்வளவு என்று கூலி உண்டு, பேர் இல்லை. அவனும் வாழ்நாளெல்லாம் அரைப் பேர் வாங்கியவனே.

இலங்கை வானொலி நம் மலைமுகடுகளையெல்லாம் பாட்டால் நிறைத்த காலத்தை எண்ணிப் பாருங்கள். படத்தின் பெயர், பாடியவர் பெயர், பாட்டெழுதியவர் பெயர், இசையமைத்தவர் பெயர் எல்லாவற்றையும் அறிவிப்பாளர் அழகுறச் சொல்வார். மயில்வாகனம் என்ற அறிவிப்பாளரின் பெயர்கூட வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராயிற்று. ஆனால், பல்லவி தொடங்குமுன் நம் நெஞ்சைப் பிடித்திழுத்த அந்த முன்னிசையை வாசித்தவர் யார்? அவர் பெயரைச் சொல்லிக் கேட்டோமா? அறிவிப்பாளரைக் குறை கூறவில்லை. இசைத்தட்டின் முகப்பிலேயே அச்சாகாத பெயரை அவர் எங்கிருந்து எடுத்து வாசிப்பார்?

"கூலி வாங்கிக்கொண்டு வாசித்தார், கணக்குத் தீர்ந்தது, கற்பனை இசையமைப்பாளருடையது, விரல்தான் இவருடையது" என்று வாதிடுவோர் நம்மிடையேயும் உண்டு. இந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதைச் சீமை நீதிமன்றமே சோதித்துப் பார்த்துவிட்டது.

1967இல் வெளிவந்து உலகெங்கும் ஒலித்தது, புரோக்கல் ஹாரம் குழுவினரின் 'எ வைட்டர் ஷேட் ஒஃப் பேல்'. அப்பாட்டைக் கேட்டவர் மனத்தில் முதலில் எழுவது அதன் ஓர்கன் இசையே. அதை வாசித்தவர் மத்தியூ ஃபிஷர். பாட்டின் உரிமையிலோ அவர் பெயர் இல்லை. 2005இல் அவர் வழக்குத் தொடுத்தார். அந்த ஓர்கன் இசை பாட்டின் படைப்பில் ஒரு பங்கு என்று 2006இல் உயர்நீதிமன்றம் ஏற்று, இசையுரிமையில் 40 விழுக்காட்டை அவருக்கு அளித்தது. 2008இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் என்ன செய்தது தெரியுமா? 38 ஆண்டுகள் தாமதித்துவிட்டார் என்று கூறி, பெயரை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பணத்தைப் பறித்தது! 2009இல் பிரபுக்கள் சபை அத்தீர்ப்பை மாற்றி அவர் பங்கை மீட்டுக் கொடுத்தது. அதுவும் 2005க்குப் பிந்திய வருமானத்துக்கே. முந்திய ஆண்டுகளின் பணம் போனது போனதுதான். இத்தனைக்கும் ஃபிஷர் அன்றாடக் கூலிக்கு வந்தவர் அல்லர், குழுவின் உறுப்பினர். அவருக்கே இக்கதி என்றால், கால்ஷீட்டுக்கு வந்து போனவர் கதி என்ன?

அதற்கும் சான்று உண்டு. 1973இல் பிங்க் ஃபுளொயிட் குழுவினரின் தட்டொன்றில், சொற்களே இல்லாமல் குரலால் மட்டும் ஓலமிட்ட கிளேர் டொரி என்ற பெண்மணிக்குக் கிடைத்தது 30 பவுண். அத்தட்டு கோடிக்கணக்கில் விற்றது. அவர் 2004இல் வழக்குத் தொடுத்து, 2005இல் சமரசம் ஏற்பட்ட பிறகுதான், அப்பாட்டை ஆக்கியவர்களில் ஒருவராக அவர் பெயர் ஏறியது. அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரில் மோட்டவுண் நிறுவனத்தை நடத்தியவர், கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பாட்டையும் அவ்வாறே வரிசையில் வைத்து உற்பத்தி செய்தார். அங்கு வாசித்த கறுப்பின வாத்தியக்காரர் பலர். ஃபங்க் பிரதர்ஸ் எனப்பட்ட அக்குழுவினரின் பெயர்கள், 1971 வரை தட்டுகளின் உறைகளில் இடம்பெறவில்லை. பாடியவர் நட்சத்திரமானார், முதலாளி கோடீசுவரரானார், வாசித்தவர் வெறும் ஓசையாகவே எஞ்சினார்.

சீமையையும் அமெரிக்காவையும் பேசி நம் ஊரை மறப்பது நியாயமன்று. கண்டியைச் சுற்றிப் பாருங்கள். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் பெயரை நம் மாணவர் பரீட்சையில் எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். அவருடைய கல்லறை மகியாவையில் இருக்கிறது. அந்த 19 ஏக்கரையும் வெட்டிக் கொத்தியவர்களுள் ஒருவருடைய பெயரையாவது நம்மில் யாரேனும் சொல்ல இயலுமா? விடியற்காலையில் அவர்களைப் பிரட்டுக்களத்துக்கு அழைக்கத் தப்பு முழங்கியது. பனியில் விரலைத் தீயில் காய்ச்சி, தோலை முறுக்கேற்றி, தோட்டத்தையே எழுப்பிய அந்தத் தப்புக்காரன்தான் நம் மலையகத்தின் முதல் கூலி வாத்தியக்காரன். அவன் வாசிப்பைக் கலையென்று எவரும் சொல்லவில்லை, சாதியென்று சொன்னார்கள். திருவிழாவில் அவன் தப்பில்லாமல் சாமி நகராது; சாவு வீட்டில் அவன் தப்பில்லாமல் பாடை எழாது. ஆயினும் அவன் நின்றது வாசலுக்கு வெளியே.

எசல பெரஹராவிலும் இதே கதையைக் காண்கிறோம். கோயில் நிலத்துக்கு ஈடாகப் பரம்பரை பரம்பரையாக மேளம் முழக்கிய சிங்களக் குடும்பங்களின் தோளில்தான் அந்தப் பேரழகு நடந்து வருகிறது. தந்ததாதுப் பேழையைச் சுமந்த 'ராஜா' என்ற யானையின் பெயரை நாடே அறியும். 1988இல் அது இறந்த பின், உடலைப் பதம் செய்து தலதா மாளிகை வளவிலேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். யானை மீது நமக்குப் பகையில்லை. ஆனால், அதன் முன்னே நடந்த மேளக்காரர் ஒருவரின் பெயரையாவது தெருவோரம் நின்று பார்த்த நாம் கேட்டதுண்டா? தப்புக்காரனும் மேளக்காரனும் மொழியால் வேறானவர்கள். பெயரிழந்த வகையில் ஒரே இனத்தவர்கள்.

ஆகவே, ரசிக நண்பர்களுக்கு நாம் கூறுவது இது. உங்கள் நினைவைப் பழிக்கவில்லை. எழுதாத பெயர்களை இத்தனை காலம் காத்தது உங்கள் நினைவே. ஆனால், நினைவு ஓர் அன்பளிப்பு, உரிமையோ கடன். கடனைத் தீர்க்க வேண்டிய இடத்தில் அன்பளிப்பை நீட்டிவிட்டுக் கண் கலங்குவதில் பொருளில்லை. மேலும், லண்டன் தட்டில் வாசித்தவரை அறிந்து மகிழும் நாம், அடுத்த லயத்தில் குடியிருக்கும் தப்புக்காரரின் பெயரை அறியாதிருப்போமானால், அந்த ரசனையின் நேர்மையை ஐயுற வேண்டியிருக்கிறது.

செய்ய முடியாத எதையும் நாம் கேட்கவில்லை. ஏ.ஆர்.ரகுமானின் தந்தை ஆர்.கே.சேகர் 1976இல் மறைந்தபோது, அவர் விட்டுச்சென்ற வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் அக்குடும்பம் பிழைத்தது. அந்தச் சிறுவனும் பிறர் குழுக்களில் கீபோர்ட் வாசித்துக் கூலி வாங்கியவனே. 1992இல் 'ரோஜா' மூலம் புகழ்பெற்ற பின், தம் இசை வெளியீடுகளின் உறைகளில் வாசித்தவர்களின் பெயர்களை அவர் அச்சிடச் செய்தார். வானம் இடிந்து விழவில்லை. கூலிக்கு வாசித்தவனுக்குத்தான் பேரின் அருமை தெரிந்திருந்தது. நமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க அறிவுசார் சொத்துச் சட்டமும் நிகழ்த்துகலைஞரின் உரிமையைப் பேசுகிறது. ஆனால், பெயரே பதியாதவன் எந்த உரிமையை எந்த வாசலில் போய்க் கேட்பான்?

ஆசிரியர்களே, மாணவர்களே! பள்ளி விழாவுக்கு அழைப்பிதழ் அச்சிடும்போது, தலைமை தாங்குபவருக்கு ஐந்து வரி ஒதுக்குகிறீர்கள். ஆர்மோனியம் வாசிப்பவருக்கு ஒரு வரி கொடுங்கள். கோயில் திருவிழா நோட்டீசில் உபயகாரர் பெயருக்குக் கீழே தப்புக்காரர் பெயரும் வரட்டும். பேசிய சம்பளம் முழுதாக, வாசித்த அன்றே கையில் சேரட்டும். உங்கள் ஊரில் வாசிக்கும் முதியவரிடம் சென்று, அவர் எவரிடம் கற்றார், எந்த அடிகள் அவர் கண்டுபிடித்தவை என்று கேட்டு எழுதிவையுங்கள்.

அரைப் பேர் போட்டால் தோட்டத்துப் பெண் கணக்கப்பிள்ளையின் முன் நின்று, "என் மீதிப் பேர் எங்கே?" என்று கேட்கிறாள். வாசித்தவனுக்காக அக்கேள்வியை நாமும் கேட்போம்.