ஷட்டர் இறங்கிய பின்னும் முடியாத வேலை



இரும்புலியூரிலிருந்து தாம்பரம் வரை ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கிலும் பிரியாணி, ஷவர்மா, வறுத்த கோழிக் கடைகள் பெருகியுள்ளன. தாம்பரம், வண்டலூர் வட்டாரக் கல்லூரிகளில் பயிலும் நம் பிள்ளைகள் சிலர், மாலையில் அங்குப் பணிபுரிந்து கல்விச் செலவுக்குத் தாமே வழி தேடிக்கொள்கின்றனர். இது ஹலாலான, பெருமைக்குரிய உழைப்பு. ஆனால் அவர்களை மேற்பார்வையிடும் மேலாளர்களின் போக்கைக் குறித்து நாம் பேசியாக வேண்டும்.

பல கடைகளில், ஷட்டரை இறக்கிய பின் எண்ணெய்ச் சட்டி கழுவவும் தரை துடைக்கவும் ஆகும் நேரம் கூலிக் கணக்கில் ஏறுவதில்லை. மறுநாள் ஷிஃப்ட் எதுவென்பது முந்தைய இரவு வாட்ஸ்அப்பில்தான் தெரிகிறது. தேர்வுக்கு விடுப்புக் கேட்டால் வேலையே போய்விடுமோ என்ற அச்சம். பின்னிரவில் வீடு திரும்பும் பிள்ளைக்கு ஃபஜ்ரும் தவறுகிறது, காலை வகுப்பும் தவறுகிறது. வருகைப்பதிவு குறைந்தால், எந்தப் படிப்புக்காக வேலைக்குச் சென்றானோ அப்படிப்பே கைநழுவுகிறது.

அல்கஸஸ் அத்தியாயம் (28:27) நமக்கொரு முன்மாதிரியைக் காட்டுகிறது. மத்யனின் பெரியவர் மூஸா (அலை) அவர்களைப் பணியமர்த்தியபோது எட்டு ஆண்டுகள் எனத் தவணையை முன்பே வரையறுத்தார். அதைப் பத்தாக்குவதை மூஸா (அலை) அவர்களின் விருப்பத்துக்கே விட்டார். சிரமம் தரமாட்டேன் என்றும் உறுதியளித்தார். வரையறுத்த நேரம், மிகுதி உழைப்புக்கு மனமொப்பிய சம்மதம், கடுமையின்மை ஆகிய இம்மூன்றும் இன்றைய ஷிஃப்ட் அட்டவணைக்கும் பொருந்தும்.

வாடிக்கையாளர் காத்திருக்கையில் கண்டிப்பில்லாமல் கடை நடத்த இயலுமா என்று கேட்கலாம். கண்டிப்பு தேவைதான். ஆனால் கண்டிப்பு வேறு, அவமதிப்பு வேறு. சிறு வயதிலேயே நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்யத் தொடங்கிய அனஸ் (ரலி) அவர்கள், அந்தப் பத்தாண்டுகளில் ஒருமுறைகூடத் தம்மிடம் அவர்கள் சலிப்புக் காட்டியதில்லை எனச் சாட்சி கூறியுள்ளார்கள். தவற்றை அழைத்துத் தனியே திருத்துபவர் ஆசிரியராகிறார். பலர் முன்னிலையில் ஏசுபவர் பயத்தை மட்டுமே கற்பிக்கிறார்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி செய்து தர வேண்டுமெனத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. நிற்கும் கால்களின் வலியை அரசே கருதும்போது, ஈமான் கொண்ட உரிமையாளர் அதற்கும் ஒருபடி மேலே நிற்க வேண்டாமா? வாரத் தொடக்கத்திலேயே அட்டவணை, துப்புரவு நேரத்துக்கும் கூலி, தேர்வுக்கு விடுப்பு, தொழுகைக்குச் சில நிமிடங்கள்: இவற்றால் வியாபாரம் குன்றாது, பரக்கத்தே பெருகும். அளவையில் குறைப்போரை எச்சரிக்கும் இறைவசனம் தராசுக்கு மட்டுமன்று, கடிகாரத்துக்கும் உரியது.

பெற்றோர்களே, "சம்பளம் எவ்வளவு?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "எத்தனை மணிக்கு விட்டார்கள்?" என்றும் கேளுங்கள்.

உழைப்போரின் ஹக்கை நிறைவாக வழங்கும் நல்லோராக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.